இந்த மாத ரீமிக்ஸ் மார்க்கும் ஒரு பழைய பாக்கியும்



போன மாதம் ரீமிக்ஸ் மார்க் ஏன் வரவில்லை, உடம்புக்கு என்ன என்று ஏழெட்டுப் பேர் கேட்டிருந்தீர்கள். உடம்பு நன்றாக இருக்கிறது. இடது காதுக் கருவி பழுதாகி, சரிபார்க்கப் போனது திரும்பி வர 3 வாரம் ஆனது. அதற்குள் பேரன் அனுப்பிய பாட்டுகள் வாட்ஸ்அப்பில் குவிந்துவிட்டன. ஆகவே இந்த முறை இரண்டு மாதத்துக்கும் சேர்த்து எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். அடுப்பில் பால் வைத்திருப்பவர்கள் அணைத்துவிட்டு வாருங்கள்.

"71 வயசுல டிஸ்கோ பாட்டுக்கு மார்க் போடுறியே, உனக்கு வேற வேலை இல்லையாக்கா?" என்று மதுரைச் சித்தி மகள் போன பதிவில் கேட்டிருந்தாள். இல்லையடி. 2012 மே மாதம் ஓய்வு பெற்றதிலிருந்து வேறு வேலை இல்லை. இருந்தாலும் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். இதுவரை முழுதாகச் சொன்னதில்லை.

என் கணவர் 2019இல் போனார். அதற்குப் பிறகு வீடே அமைதியாகிவிட்டது என்று நினைத்தேன். மின்விசிறி சத்தம், அணில் சத்தம், குக்கர் விசில் எல்லாமே அடங்கினாற்போல இருந்தது. துக்கம் இப்படித்தான் இருக்கும் போல என்று இரண்டு வருடம் ஓட்டினேன். 2021இல் மகன் வந்தபோது, "அம்மா, குக்கர் அஞ்சு விசில் விட்டாச்சு, நீ இன்னும் ஒண்ணுகூட வரலைங்கிற" என்று சொல்லிக் காது பரிசோதனைக்குக் கூட்டிப் போனான். அன்றுதான் தெரிந்தது, வீடு அமைதியானதில் பாதி அவர் இல்லாதது, பாதி என் காது.

அந்தப் பரிசோதனைத் தாளை வாங்கியதும் இயற்பியல் டீச்சர் புத்தி விடுமா? கிராஃபைப் பார்த்தேன். x அச்சில் அதிர்வெண், 250 ஹெர்ட்ஸ் தொடங்கி 8000 வரை. y அச்சில் டெசிபல், அதுவும் மேலிருந்து கீழாகக் கூடிக்கொண்டே போகிறது. என் வகுப்பில் யாராவது இப்படி அச்சு வரைந்திருந்தால் 2 மார்க் போயிருக்கும். என் கோடு 1000 ஹெர்ட்ஸ் வரை சமதளத்தில் நடந்துவிட்டு, 2000க்கு மேல் சிறுமலையிலிருந்து பஸ் இறங்குவது போல இறங்கியது. வயதானால் காது மேல் அதிர்வெண்ணைத்தான் முதலில் விடும். தவில் கேட்கும், தாளத்தின் கிணுகிணுப்பு கேட்காது. பேச்சில் உயிரெழுத்தெல்லாம் கேட்கும். ச, ஸ, ட, த, ப எல்லாம் ஒன்றோடு ஒன்று குழம்பிவிடும். ஆள் பேசுவது தெரியும், என்ன பேசுகிறார் என்பது தெரியாது.

கருவி மாட்டியதும் பேச்சு திரும்பி வந்தது. பாட்டு வரவில்லை. அவர் சேர்த்து வைத்திருந்த மாலியின் புல்லாங்குழல் கேசட்டுகளை ஆசையாகப் போட்டேன். நீளமான ஒரு ஸ்வரம் வந்தால் போதும், கருவி அதைத் தன் சொந்த விசில் சத்தம் என்று நினைத்துக்கொண்டு அடக்கப் பார்க்கிறது. குழல் நடுங்குகிறது. கருவியின் மேல் தப்பில்லை, அது பேச்சுக்காகச் செய்தது. கேசட்டுகளை மறுபடி பெட்டியில் வைத்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் மெல்பர்னில் இருக்கும் பேரன் ஒரு பாட்டு அனுப்பினான். "அப்பாயி, இதைப் போன்ல கேக்காத. அப்பா வாங்கிக் குடுத்த பெரிய ஸ்பீக்கர்ல போட்டு, பெஞ்சு மேல உக்காந்து கேளு." கூடத்தில் கிடக்கும் பழைய தேக்குப் பெஞ்சைச் சில பேருக்குத் தெரியும், டியூஷனுக்கு வந்து அதில் உட்கார்ந்திருப்பீர்கள். ஸ்பீக்கரை அதன் ஒரு முனையில் வைத்து, மறுமுனையில் நான் உட்கார்ந்தேன். கருவியைக்கூடக் கழற்றிவிட்டேன். டம், டம், டம், டம் என்று மரம் வழியாக முதுகெலும்புக்கு ஏறியது. இரண்டு வருடத்துக்குப் பிறகு ஒரு பாட்டின் காலப்பிரமாணம் என் உடம்புக்குள் இருந்தது. அழுதேன் என்று சொன்னால் பேரன் கிண்டல் செய்வான், அதனால் சொல்லவில்லை.

இதுதான் காரணம். நம் ஊரில் ரீமிக்ஸ் என்றால் பழைய சினிமாப் பாட்டின் நடுவில் யாரோ கத்துவது என்று நினைக்கிறோம். நான் கேட்பது அமெரிக்க, ஐரோப்பிய நடன அரங்குகளுக்காகச் செய்வது. வெளிவந்த ஒரு பாட்டைப் பிரித்து, ஆடுகிறவர்களுக்கு ஏற்றபடி மறுபடி கோப்பது. பெரும்பாலும் நிமிடத்துக்கு 120 முதல் 130 தட்டு. 120 என்றால் நொடிக்கு 2. நான்கு நான்காக எண்ணுங்கள், ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு அடி. ஆதி தாளம் போட்டுப் பழகியவர்களுக்கு எட்டு எண்ணுவது கஷ்டமே இல்லை. இந்த அடியெல்லாம் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே. என் கிராஃபில் சமதளம் இருக்கும் பக்கம்.

மார்க் முறை தெரியும்தானே? மொத்தம் 20. குரலை விட்டுவைத்ததற்கு 5, அடிக்கு 5, மூலப் பாட்டுக்குச் செய்த மரியாதைக்கு 5, என் பெஞ்சுக்கு 5. கருணை மதிப்பெண் கிடையாது.

முதலில் எவ்ரிதிங் பட் த கேர்ள் பாடிய 'மிஸ்ஸிங்'. டாட் டெரி செய்த ரீமிக்ஸ். "இது புதுசா?" என்று கேட்காதீர்கள், பேரன் பிறப்பதற்கு முன்னால் வந்தது. எனக்குப் புதுசு. டிரேசி தோர்ன், பென் வாட் என்று இங்கிலாந்துக்காரர்கள் இரண்டு பேர். 1994இல் மெதுவான கிடார் பாட்டாக வெளியிட்டார்கள். ஒருத்தி, தனக்குத் தெரிந்தவர் முன்பு குடியிருந்த தெருவுக்குப் போய் நின்று நினைத்துப் பார்க்கிற பாட்டு. அப்போது பெரிதாக ஓடவில்லை. நியூயார்க் டிஜே டாட் டெரி அதன் அடியில் கனமான அடியும் பேஸும் போட்டார். 1995 கடைசியில் இங்கிலாந்தில் 3ஆம் இடம், அடுத்த வருடம் அமெரிக்காவில் 2ஆம் இடம். அமெரிக்கப் பட்டியலில் 55 வாரம் இருந்தது. இதற்குள் அவர்களுடைய இங்கிலாந்து இசை நிறுவனம் அவர்களைக் கைகழுவியிருந்தது என்பதுதான் வேடிக்கை.

இதில் எனக்குப் பிடித்தது, அவர் குரலைத் தொடவே இல்லை. அந்தப் பெண் அதே சோகத்தோடு, அவசரமில்லாமல் பாடிக்கொண்டிருக்கிறாள். கீழே ஊரே ஆடுகிறது. துக்க வீட்டில் பறை அடித்து ஆடுவதைப் பார்த்தவர்கள் நாம், நமக்கு இது புரியாதா? சோகத்துக்கு மெதுவான தாளம்தான் வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அவர்களே அந்த ரீமிக்ஸைக் கேட்டுவிட்டு 1996இல் அடுத்த தொகுப்பையே மின்னணு இசையில் செய்தார்கள். மாணவன் போட்ட கணக்கைப் பார்த்து வாத்தியார் தன் முறையை மாற்றிக்கொண்ட மாதிரி. 19 மார்க். 1 மார்க் ஏன் குறைத்தேன் என்றால், 20 போட்டால் பேரன் அதே மாதிரி இன்னும் நாற்பது அனுப்புவான்.

அடுத்தது செயின்ட் ஜானின் 'ரோசஸ்', இமான்பெக் செய்தது. இந்தப் பையன் கதைக்காகவே இதைக் கேட்கலாம். கஜகஸ்தானில் அக்சு என்ற சிறிய ஊர். ரயில் நிலையத்தில் வேலை. அமெரிக்கப் பாடகர் 2016இல் வெளியிட்ட பாட்டை, அவரைத் தொடர்புகொள்ளப் பார்த்தும் முடியாமல், வீட்டுக் கணினியில் தானே பிரித்துக் கோத்து 2019இல் விட்டான். 2020 மார்ச்சில் இங்கிலாந்தில் முதலிடம். 2021இல் சிறந்த ரீமிக்ஸுக்கான கிராமி விருது. ரயில்வே பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும் நம் பிள்ளைகள் கவனிக்கவும். வேலையை விடச் சொல்லவில்லை.

கதைக்கு 20, பாட்டுக்கு 13. குரலை வேகப்படுத்திச் சுருதியை ஏற்றிவிட்டான். என் காதுக்கு ஏற்கெனவே மேலே வழி இல்லை, அங்கே கொண்டுபோய் வைத்தால் நான் என்ன செய்வேன்? பேஸ் மட்டும் ரப்பர் மாதிரி வளைந்து வளைந்து போகிறது, அது பெஞ்சில் நன்றாக ஏறுகிறது. இளங்காது உள்ளவர்கள் 4 மார்க் கூட்டிக்கொள்ளுங்கள்.

வேகமும் சுருதியும் பற்றிச் சொன்னதால் ஒரு சின்னப் பாடம். இசைத்தட்டில் இரண்டும் ஒட்டிப் பிறந்தவை. தட்டை வேகமாகச் சுற்றினால் சுருதியும் ஏறும். எவ்வளவு? ஒரு ஸ்தாயிக்கு 12 ஸ்வரஸ்தானம், ஒரு ஸ்தாயி ஏற அதிர்வெண் இரண்டு மடங்கு. அப்படியானால் ஒரு ஸ்வரஸ்தானம் ஏற, 2இன் பன்னிரண்டாம் மூலம், அதாவது 1.059 மடங்கு. கிட்டத்தட்ட 6 சதவீதம் வேகம் கூட்டினால் ஒரு ஸ்வரஸ்தானம் ஏறும். இன்றைக்குக் கணினி இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துவிடும். ஆனாலும் சிலர் வேண்டுமென்றே சேர்த்தே ஏற்றுகிறார்கள்.

அதற்கு நல்ல உதாரணம் கார்னர்ஷாப் குழுவின் 'பிரிம்ஃபுல் ஆஃப் ஆஷா'. இங்கிலாந்தில் வளர்ந்த பஞ்சாபி, டிஜிந்தர் சிங், ஆஷா போஸ்லேயையும் நம் நாட்டுச் சினிமாப் பாட்டு மோகத்தையும் பற்றி 1997இல் எழுதிய பாட்டு. நார்மன் குக் வேகத்தைக் கூட்டிச் சுருதியையும் ஏற்றிவிட்டார். 1998 பிப்ரவரியில் இங்கிலாந்தில் முதலிடம். மூலம் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து பாடுவது போல. ரீமிக்ஸ் அதே ஆள் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவது போல. ஓடும்போதும் முகத்தில் சிரிப்பு மாறவில்லை. 16.

எல்டன் ஜானும் துவா லிபாவும் பாடிய 'கோல்ட் ஹார்ட்'டை ஆஸ்திரேலியாவின் புனா குழு 2021இல் செய்தது. பழைய எல்டன் ஜான் பாட்டுகள் நாலை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். அப்போது அவருக்கு வயது 74, பாட்டு இங்கிலாந்தில் முதலிடம். வயதைப் பார்த்து எனக்கு உற்சாகமாகத்தான் இருந்தது. ஆனால் பாட்டு, மிச்சம் இருந்த சாம்பார், ரசம், கூட்டு எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கிளறியது மாதிரி. ருசி இருக்கும், மறுநாள் ஞாபகம் இருக்காது. 12. துவா லிபா பெயரில் 2020 ஆகஸ்டில் ஒரு தொகுப்பு முழுவதையும் ரீமிக்ஸாக வெளியிட்டார்கள், ஊரடங்கில் நடன அரங்குகளைப் பூட்டிவைத்திருந்த நேரத்தில். ஆட இடமில்லாத காலத்தில் ஆட்டத்துக்குப் பாட்டு. அந்த எண்ணத்துக்கு மரியாதை. கேட்டால் ஒரே நெரிசல், ஒரு பாட்டும் மூச்சு விட முடியவில்லை. 9.

இந்த மாதம் நான் அதிக நேரம் கேட்டது 'டாம்ஸ் டைனர்'. சுசான் வேகா 1987இல் வாத்தியமே இல்லாமல் தனிக் குரலில் பாடியது. காலையில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து, கண்ணில் படுவதைச் சொல்லிக்கொண்டே போகிறார், அவ்வளவுதான். 1990இல் டிஎன்ஏ என்ற பெயரில் இங்கிலாந்துக்காரர்கள் இரண்டு பேர் அனுமதி கேட்காமலேயே அதன் அடியில் தாளம் போட்டுத் தட்டு அடித்துவிட்டார்கள். மூலத்தின் கடைசியில் அவர் சொல்லில்லாமல் முனகிக்கொண்டு போகும் ஒரு மெட்டு இருக்கிறது. அதைத் தூக்கிப் பாட்டின் பல்லவி ஆக்கிவிட்டார்கள். திருட்டுதான். ஆனால் வழக்குப் போட வேண்டிய இசை நிறுவனம் அதைக் கேட்டுவிட்டு, வழக்குக்குப் பதிலாக உரிமையை விலைக்கு வாங்கியது. சுசான் வேகாவுக்கும் பிடித்துவிட்டது. இங்கிலாந்தில் 2ஆம் இடம்.

எனக்கு ஏன் இவ்வளவு பிடித்தது என்று யோசித்தேன். அந்த முனகலில் மெய்யெழுத்து என்று பெரிதாக ஒன்றும் இல்லை. குழம்புவதற்கு ச, ஸ, ட எதுவும் இல்லை. எனக்கு முழுதாகக் கேட்கிற பல்லவி. 1990இல் யாரோ இருவர் என் காதை அளந்து செய்த மாதிரி.

இன்னொரு விஷயம் படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் எல்லோரும் போனில் வைத்திருந்தீர்களே எம்பி3, அதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் ஜெர்மனியின் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க். எம்பி3 சூத்திரம் எளிமையானது. பெரிய சத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னச் சத்தம் காதுக்குக் கேட்காது, கேட்காததை எதற்குச் சேமிக்க வேண்டும், தூக்கி எறி. அப்படி எறிந்து எறிந்து கோப்பைச் சிறிதாக்கினார். மற்றப் பாட்டுகள் தாக்குப் பிடித்தன. சுசான் வேகாவின் தனிக் குரல் வீணாகிப்போனது. ஒளிந்துகொள்ள ஒரு வாத்தியமும் இல்லாத குரல் அல்லவா? எதை எறியலாம், எதை எறியக் கூடாது என்று அந்தக் குரலைத் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் திருத்தினார். மெல்லிய குரலுக்கு எவ்வளவு மரியாதை பாருங்கள். 20க்கு 20. என் சரித்திரத்தில் முதல் தடவை.

பாடம் நடத்த ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன் என்று உங்களுக்குத் தெரியும், இன்னும் ஒன்றே ஒன்று. இந்த வேலையின் தொடக்கம் 1970களின் நடுவில் நியூயார்க்கில். டாம் மோல்டன் என்பவர், நடன அரங்குக்காகப் பாட்டுகளை நீட்டிச் செய்துகொண்டிருந்தார். ஒரு நாள் மாதிரித் தட்டு வெட்டும் இடத்தில் வழக்கமான 7 அங்குலத் தட்டு தீர்ந்துவிட, பெரிய தட்டில் வெட்டினார்கள். பாட்டு சிறியதாய் இருக்கப் பார்க்க நன்றாக இல்லை, பள்ளங்களைப் பரப்பி வெட்டு என்றார். பரப்பினால் சத்தமும் கூடியது. பேஸ் ஒலிக்குப் பள்ளம் பக்கவாட்டில் அதிகம் அசைய வேண்டும். சிறிய தட்டில் அதற்கு இடம் இல்லை, அடுத்த பள்ளத்தில் மோதும். இடம் கொடுத்தால் பேஸ் வரும். இப்படித்தான் 12 அங்குலத் தட்டு பிறந்தது. 1976இல் கடைகளில் முதன்முதலாக விற்பனைக்கு வந்த அப்படிப்பட்ட தட்டில் வால்டர் கிப்பன்ஸ் நீட்டிய பாட்டு 9 நிமிடத்துக்கு மேல் ஓடியது. தட்டு தீர்ந்துபோனதால் வந்த கண்டுபிடிப்பு. ஆய்வகத்தில் கம்பி இல்லை, காந்தம் இல்லை என்று புலம்பிய என்னை நினைத்துக்கொண்டேன்.

சரி, இந்த மாதத்தின் கடைசி விடைத்தாள். பேரனுடையது.

அவன் பொறியியல் இரண்டாம் வருடம். ராத்திரியில் இந்த வேலை. அவன் அப்பாவுக்கு இது பொழுதுபோக்கு, அவனுக்கு அப்படியில்லை. அதை அப்பாவும் பிள்ளையும்தான் பேசிக்கொள்ள வேண்டும், நான் மார்க் போடுகிறவள் மட்டும். என் காதுப் பரிசோதனைத் தாளைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னான். எதற்கு என்று சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்துக் கருவி வந்த அன்று ஒரு பாட்டு வந்தது. நிமிடத்துக்கு 122 தட்டு. என்னுடைய கிராஃபுக்கு ஏற்றபடி எல்லாவற்றையும் 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறக்கிக் கட்டியிருக்கிறான். குரல் யாருடையது என்று பார்த்தால், என்னுடையது. வீடியோ காலில் பேசும்போது பதிவு செய்திருக்கிறான், கழுதை. நான் ஒவ்வொரு தடவையும் அவனிடம் சொல்கிற ஒன்றைப் பிடித்துப் பல்லவி ஆக்கியிருக்கிறான். எட்டு எண்ணிக்கைக்கு ஒரு தரம் வருகிறது.

"சத்தமா சொல்லு. காதுல விழல. இன்னும் சத்தமா சொல்லு."

முதல் தடவை சிரித்தேன். அடி அதிகம், குரலை மூடுகிறது, கீழே இறக்கியதில் என் குரல் ஆம்பிளைக் குரலாகிவிட்டது. மூலத்துக்கு மரியாதை பூஜ்யம். 11 போட்டு அனுப்பினேன். "ஃபெயில் இல்லல்ல அப்பாயி, போதும்" என்றான். இரண்டாம் தடவை போட்டேன். மூன்றாம் தடவை பாதியில் நிறுத்திவிட்டேன். இப்போது எழுதப்போவது அதனால்தான்.

2011-12 பிளஸ் டூ பிள்ளைகள் இதைப் படிக்கிறீர்கள் என்று தெரியும். என் கடைசி வகுப்பு. மின்னோட்டத்தின் காந்த விளைவு நடந்துகொண்டிருந்த சமயம், ஒரு பெண்ணை எழுப்பிக் காந்தத் தூண்டலின் அலகு என்ன என்று கேட்டேன். மூன்றாவது பெஞ்சு, சன்னல் ஓரம். மெல்லப் பேசுகிற பிள்ளை. "தெரியல" என்றாள். நேற்று நடத்தியது தெரியாதா, சத்தமாகச் சொல் என்றேன். மறுபடி "தெரியல". காதில் விழவில்லை, இன்னும் சத்தமாகச் சொல் என்றேன். மூன்றாவது தடவையும் அதையே, இன்னும் சின்னக் குரலில் சொன்னாள். திமிர் என்று நினைத்தேன். பாடவேளை முடியும்வரை நிற்க வைத்தேன். அதோடு விட்டேனா? "வாயில கொழுக்கட்டையா?" என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது. அந்த வருடம் முடியும்வரை அந்தப் பெண் என் வகுப்பில் வாயைத் திறக்கவில்லை. நானும் அவளை எழுப்பவில்லை, எழுப்பிப் பயன் இல்லை என்று.

போன ஆவணியில் ஒரு கல்யாணத்தில் அந்த வகுப்புப் பிள்ளைகள் நாலு பேர் என்னைச் சுற்றி உட்கார்ந்து பழைய கதை பேசினார்கள். இந்தக் கதையும் வந்தது. ஒருத்தி சிரித்துக்கொண்டே சொன்னாள்: "மிஸ், அவ டெஸ்லான்னுதான் மிஸ் சொன்னா. மூணு தடவையும் டெஸ்லான்னுதான் சொன்னா. உங்ககிட்ட யாரு சொல்றது?"

டெஸ்லா. தெரியல. ட, ஸ இரண்டையும் எடுத்துவிட்டுச் சொல்லிப் பாருங்கள். மிச்சம் என்ன இருக்கிறது என்று எனக்கு இப்போது கிராஃப் போட்டுக் காட்டத் தெரியும். அப்போது எனக்கு 57 வயது. காது இறங்க ஆரம்பித்திருக்க வேண்டும். பின் பெஞ்சுப் பிள்ளைகள் முனகுகிறார்கள், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வாயைத் திறந்து பேசத் தெரியவில்லை என்று ஆசிரியர் அறையில் அந்த இரண்டு மூன்று வருடமாகவே சொல்லிக்கொண்டிருந்தேன். எத்தனை பேரை இப்படி நிற்க வைத்தேனோ. அந்தப் பெண் சரியான விடையை மூன்று தடவை சொல்லிவிட்டு நின்றாள். வகுப்பில் நாற்பது பேருக்குக் கேட்டது, எனக்கு மட்டும் கேட்கவில்லை. நாற்பது பேரில் ஒருத்திகூட எழுந்து "மிஸ், அவ சரியாத்தான் சொல்றா" என்று சொல்ல முடியாத வகுப்பைத்தான் நான் நடத்தியிருக்கிறேன். 34 வருட சர்வீஸில் நான் கண்டிப்பானவள் என்று நீங்கள் மேடையில் புகழ்ந்தபோதெல்லாம் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

கல்யாணத்தன்று நானும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அதுவும் தப்பு. அங்கேயே அவள் எண்ணைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். கூச்சமாக இருந்தது. பிறகு, பதிமூன்று வருடம் ஆகிவிட்டது, மறந்திருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பேரன் என் குரலை எட்டு எண்ணிக்கைக்கு ஒரு தரம் போட்டுக் காட்டாமல் இருந்தால் அப்படியே விட்டிருப்பேன்.

அவள் பெயரை இங்கே எழுத மாட்டேன். 2012 பிள்ளைகள் யாரும் கமெண்டில் பெயரைப் போட்டுக் கூப்பிடவும் வேண்டாம். அவளோடு தொடர்பில் இருப்பவர்கள் இந்தப் பதிவைக் காட்டினால் போதும். காட்டும்போது மேலே இருக்கும் ரீமிக்ஸ் கதையெல்லாம் படிக்கச் சொல்ல வேண்டாம், இங்கிருந்து படித்தால் போதும்.

அம்மா, நீ சொன்னது சரியான விடை. மூன்று தடவையும் சரி. அன்றைக்குத் தவறு செய்தது நான். கொழுக்கட்டை என்று சொன்னதற்கும், அதற்குப் பிறகு உன்னை எழுப்பாமலே விட்டதற்கும் மன்னிப்புக் கேட்கிறேன். நீ பதில் எழுத வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. திட்ட வேண்டும் என்று தோன்றினால் தாராளமாகத் திட்டலாம், இன்பாக்ஸ் திறந்திருக்கிறது. ஒன்று மட்டும், வாய்ஸ் மெசேஜ் அனுப்பாதே. எழுதி அனுப்பு.